ஒரு பக்கம் இறங்கிய ஆபீஸ் நாற்காலி: டில்ட் மெக்கானிசம் மாற்றிய அனுபவம்

நாற்காலி இடப்பக்கமாகச் சாயத் தொடங்கி வெகு நாளாகிவிட்டது. உட்கார்ந்தால் இடது தொடைக்குக் கீழே இருக்கை லேசாக இறங்கும். பின்னால் சாய்ந்து நிமிரும்போதெல்லாம் அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தச் சின்னச் சாய்வே போதும், சாயங்காலம் இடுப்பு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். மற்றபடி நாற்காலிக்கு ஒரு குறையும் இல்லை. ஃபோம் அமுங்கவில்லை, துணி கிழியவில்லை, ஐந்து காலும் சக்கரங்களும் உறுதியாக இருந்தன. முதுகுச் சாய்வின் வளைவு எனக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. இருக்கைக்கு அடியில் சாய்வைத் தரும் டில்ட் மெக்கானிசம் என்ற ஒரு இரும்புப் பெட்டிக்காக இதைத் தூக்கிப் போட மனம் ஒப்பவில்லை.

நாற்காலி ஆட்டம் கண்டால் பலரும் முதலில் வாங்குவது, இருக்கையை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டரைத்தான். கண்ணுக்குத் தெரியும் பாகம் அதுதான், எங்கும் கிடைப்பதும் அதுதான். ஆனால் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. இந்த வேலையில் பாதிக்கு மேல் அந்தத் தேடலும் அதற்குப் பிறகு எடுக்கும் அளவுகளும்தான். சுத்தியலைக் கையில் எடுப்பதெல்லாம் பிற்பாடு.

ஆட்டம் எங்கே?

கீழிருந்து மேலாகப் பார்த்தால் ஆட்டம் வரக்கூடிய இடங்கள் நான்கு. ஐந்து கால் அடிப்பகுதிக்குள் சிலிண்டர் செருகியிருக்கும் இடம், சிலிண்டரின் வெளிக்குழாயும் உள்குழாயும் சந்திக்கும் வழிகாட்டி புஷ் (உராய்வைத் தாங்கும் உள்வளையம்), அதற்கு மேல் டில்ட் மெக்கானிசம், கடைசியாக மெக்கானிசத்தையும் இருக்கையையும் சேர்க்கும் போல்ட்கள்.

சிலிண்டரையும் மெக்கானிசத்தையும் பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு. நாற்காலியை முழு உயரத்துக்கு ஏற்றி, இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். பிறகு அடிமட்டத்துக்கு இறக்கி அதேபோல உலுக்குங்கள். உயரத்தில் ஆட்டம் கூடுதலாகவும் கீழே குறைவாகவும் இருந்தால் சிலிண்டரின் புஷ் தேய்ந்திருக்கிறது. உள்குழாய் வெளியே நீள நீள, அதைப் பிடித்திருக்கும் நீளம் குறைகிறது அல்லவா, அதனால்தான். இரண்டு நிலையிலும் ஆட்டம் ஒரே அளவில் இருந்தால் கோளாறு அதற்கு மேலே இருக்கிறது. எல்லாச் சிலிண்டரிலும் மேல் நிலையில் கொஞ்சம் அசைவு இருக்கும், அதை நோய் என்று எண்ண வேண்டாம்.

என் நாற்காலியில் இரண்டு நிலையிலும் ஆட்டம் மாறவில்லை. அடுத்து நாற்காலியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, சிலிண்டர் மெக்கானிசத்துக்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இருக்கையை அசைத்தேன். சிலிண்டரும் அதைப் பிடித்திருக்கும் கூம்பு வளையமும் சேர்ந்தே அசைந்தன, இரண்டுக்கும் நடுவே நழுவல் இல்லை. கூம்பைச் சுற்றிய வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பெயிண்ட் விரிசல் விட்டு ஓரத்தில் துருக்கோடு தெரிந்தால் அங்கே வெடிப்பு என்று சந்தேகிக்கலாம். அப்படி இருந்தால் அந்த நாற்காலியில் மறுபடி உட்காரவே கூடாது, ஏனென்றால் முழு எடையையும் தாங்குவது அந்த வளையம்தான். இங்கே வெல்டிங் நன்றாக இருந்தது.

விரலைக் கொஞ்சம் முன்னே, மேல்தகடும் கீழ்ப்பெட்டியும் சேரும் கீலின் பின்னுக்கு (அச்சுக் கம்பிக்கு) நகர்த்தியதும் விடை கிடைத்துவிட்டது. இடப்பக்கத்தில் அந்தக் கம்பி அதன் துளைக்குள் மேலும் கீழும் குதித்தது. துளையைச் சுற்றிக் கருஞ்சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பு. துடைத்துப் பார்த்தால் நைலான் தூளும் இரும்புத் தூளும் பழைய கிரீஸோடு குழைந்திருந்தன. அந்த இடத்தில் இருந்த நைலான் புஷ் எப்போதோ பிளந்து உதிர்ந்துபோயிருக்கிறது, அன்றிலிருந்து இரும்பும் இரும்பும் நேராக உரசிக்கொண்டிருந்திருக்கின்றன. துளையின் மேல் விளிம்பில் மட்டும் பிறை வடிவில் பெயிண்ட் போய் வெள்ளி போலப் பளபளத்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை நீள்வட்டமாகிவிட்டது. வலப்பக்கப் புஷ் இன்னும் உயிரோடு இருந்தது. நான் இடது முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றியபடி வலது கையால் மவுஸ் பிடிப்பவன். சுமை எப்போதும் இடப்பக்கமே விழுந்ததில் வியப்பில்லை.

ஒன்றரை மில்லிமீட்டர் தேய்மானத்துக்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் புரியும். இரண்டு கீல் துளைகளுக்கும் இடைவெளி 120 மி.மீ., இருக்கையின் அகலம் 480 மி.மீ. ஒரு துளையில் 1.5 மி.மீ. இறக்கம் இருந்தால், இருக்கையின் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு அது நான்கு மடங்காகி 6 மி.மீ. ஆகிறது. இடுப்பெலும்பு அதை நாள் முழுக்கத் தாங்க வேண்டும்.

புஷ்ஷை மட்டும் மாற்ற முடியாதா என்று யோசிக்காமல் இல்லை. துளை வட்டமாக இருந்தால் அதுதான் சரியான வழி. ஆனால் நீள்வட்டமான துளையில் புதுப் புஷ் உட்காராது. துளையை வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி துளைக்கலாம், நல்ல பட்டறையில் செய்துவிடுவார்கள். அதற்குப் பின்னைக் கழற்ற வேண்டும், என் மெக்கானிசத்தில் அது இரண்டு முனையும் அடித்து விரித்த ரிவெட் பின். உள்ளே அழுத்திவைத்த கனத்த ஸ்பிரிங் வேறு இருக்கிறது. அதை நெம்பித் திறப்பது பாதுகாப்பான வேலை அல்ல. மெக்கானிசத்தை முழுதாக மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

வாங்குவதற்கு முன்

வெவ்வேறு தயாரிப்பாளர்களின் நாற்காலிகளுக்கு நடுவே பாகம் மாற்ற முடிவதற்குக் காரணம் சிலிண்டரின் இரண்டு முனைகளும்தான். பெரும்பாலான நாற்காலிகளில் மேல்முனை 28 மி.மீ. அளவிலும், கீழே அடிப்பகுதிக்குள் போகும் குழாய் 50 மி.மீ. அளவிலும் இருக்கும். இரண்டு முனையும் கூம்பாகச் சரிந்திருப்பவை. திருகு, பின் எதுவும் இல்லாமல், உட்கார்பவரின் எடையே அந்தக் கூம்பை உள்ளே அழுத்திக் கவ்வவைக்கிறது. ஆகவே கூம்பைப் பற்றிப் பெரும்பாலும் கவலையில்லை. வெர்னியர் காலிப்பரால் ஒருமுறை அளந்து உறுதிசெய்துகொண்டால் போதும்.

கவலைப்பட வேண்டியது போல்ட் துளைகளின் இடைவெளி. நான்கு போல்ட்களின் நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு, அகலவாக்கிலும் நீளவாக்கிலும் அளக்க வேண்டும். என்னுடையது அகலம் 150, நீளம் 200 மி.மீ. பரவலாகக் காணப்படும் அளவு இது. 152-க்கு 260 என்ற நீண்ட அளவும் நிறைய நாற்காலிகளில் உண்டு. போல்ட் தலையின் நடுவைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடிப்பதைவிட, ஒரு போல்ட் தலையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த தலையின் இடது விளிம்பு வரை அளந்தால் துல்லியமாக வரும். மாற்று மெக்கானிசங்கள் பலவற்றில் துளைக்குப் பதிலாக நீளப் பள்ளம் வெட்டியிருப்பார்கள், சில மில்லிமீட்டர் வேறுபாட்டை அது விழுங்கிவிடும்.

அடுத்தது, கூம்பின் இடம். இது பலர் கண்ணில் படாமல் போகிறது. கூம்பு நான்கு போல்ட்களுக்கும் நட்டநடுவில் இருப்பதில்லை, முன்னேயோ பின்னேயோ தள்ளித்தான் இருக்கும். என் பழைய மெக்கானிசத்தில் முன்வரிசை போல்ட்களிலிருந்து கூம்பின் நடு 115 மி.மீ. பின்னால் இருந்தது. சிலிண்டர்தான் நாற்காலி நிற்கும் புள்ளி. அந்தப் புள்ளி அதிகம் முன்னே நகர்ந்தால் நன்றாகப் பின்னால் சாயும்போது நாற்காலி மல்லாந்துவிடும். அதிகம் பின்னே போனால் நுனியில் உட்காரும்போது முன்பக்கம் கவிழப் பார்க்கும். பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வேறுபாடு பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வேறு மெக்கானிசம் பாருங்கள்.

மூன்றாவதாக, முதுகுச் சாய்வு எதோடு பிணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் நாற்காலியில் கைப்பிடிகள்தான் முதுகையும் இருக்கையையும் இணைக்கின்றன, மெக்கானிசத்துக்கும் முதுகுக்கும் தொடர்பே இல்லை. அதனால் இருக்கை முழுவதும் ஒன்றாகச் சாயும் வகை எதுவும் எனக்குப் பொருந்தும். முதுகுத் தண்டுபோல ஒரு வளைந்த இரும்பு மெக்கானிசத்திலிருந்தே கிளம்பி முதுகைத் தாங்கும் நாற்காலிகள் உண்டு. அவற்றுக்கு அதே அமைப்புள்ள மெக்கானிசமே வேண்டும். சிங்க்ரோ வகையில் இது இன்னும் நுணுக்கம். இருக்கை ஒரு டிகிரி சாய்ந்தால் முதுகு இரண்டு டிகிரி சாயும்படி இணைப்புக் கம்பிகளை அமைத்திருப்பார்கள். அந்த நாற்காலிக்கு எளிய தகட்டை வாங்கி மாட்டினால் முதுகுக்குப் பிடிமானமே இருக்காது.

சாயும் விதத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். கீல் சிலிண்டருக்கு நேர்மேலே இருக்கும் வகையில், பின்னால் சாயும்போது இருக்கையின் முன்விளிம்பு உயரும். தொடையின் அடியில் அது அழுத்தும், குதிகால் தரையை விட்டுக் கிளம்பும். கீல் முன்விளிம்புக்கு அருகில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் வகையில் பாதம் தரையிலேயே இருக்க, உடல் மட்டும் பின்னால் போகும். என் பழையது முதல் வகைக்குச் சற்று நெருக்கம். கீலை முன்னே தள்ளிய இரண்டாம் வகையையே புதிதாகத் தேர்ந்தெடுத்தேன். குட்டையானவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே காலில் தெரியும்.

தகட்டின் கனத்தையும் பார்த்தே வாங்கினேன். விரலால் தட்டினால் தகர டப்பா மாதிரி ஒலிக்கும் மெல்லிய தகடுகள் விற்பனையில் இருக்கின்றன. கீல் துளைகள் சீக்கிரம் நீள்வதும் கூம்பைச் சுற்றி வெடிப்பு விழுவதும் அவற்றில்தான். நான் எடுத்தது 2.5 மி.மீ. கனம். கீல் பக்கத்தில் இரட்டைத் தகடும், அகலமான நைலான் புஷ்ஷும் இருந்தன.

பிரிப்பது

முதல் வேலை, ஸ்பிரிங் இறுக்கும் குமிழை இடஞ்சுழியாகத் திருப்பி முழுக்கத் தளர்த்துவது. இரண்டாவது, சாய்வைப் பூட்டியிருந்தால் அதை விடுவிப்பது. அழுத்தத்தில் இருக்கும் எதையும் அப்படியே வைத்துக்கொண்டு சுத்தியல் எடுக்கக் கூடாது.

பழைய போர்வையை விரித்து நாற்காலியைக் கவிழ்த்தேன். இருக்கையிலிருந்து மெக்கானிசத்தை முதலில் கழற்றுவதா, சிலிண்டரிலிருந்து முதலில் பிரிப்பதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. இருக்கையை முதலில் கழற்றுவதே சரி என்பது என் கட்சி. இருக்கையோடு வைத்து அடித்தால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் பிளைவுட்டுக்கும் அதில் பல் பதித்து, போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் டி-நட்களுக்கும் போகிறது. ஏற்கெனவே வயதான மரத்தில் டி-நட் ஒருமுறை கழன்று சுழலத் தொடங்கிவிட்டால் அதைச் சரிசெய்வது இந்த வேலையைவிடப் பெரிய வேலை.

போல்ட்கள் 5 மி.மீ. ஆலன் கீ கேட்கும் எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) வகை. உள்குழியில் இறங்கியிருந்த தூசியை ஊசியால் தோண்டி எடுத்துவிட்டு, கீயை அடி வரை இறக்கி, நேராகப் பிடித்துத் திருப்பினேன். தூசியை எடுக்காமல் பாதியில் நிற்கும் கீயைத் திருப்பினால் குழி மழுங்கிவிடும், அப்புறம் அந்த போல்ட்டைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று எளிதாக வந்தன. நான்காவது, பின்பக்க இடது, கரகரவென்று முரண்டு பிடித்தபடியே வந்தது. அதைத் தனியே எடுத்துவைத்தேன், அதன் கதை பிறகு.

அடுத்து சிலிண்டர். இணையத்தில் பார்த்தால் எல்லோரும் பைப் ரெஞ்சால் சிலிண்டரைக் கவ்வி முறுக்குகிறார்கள். சிலிண்டரைத் தூக்கி எறியப் போகிறவர்களுக்கு அது சரி. என்னுடையது நன்றாக இருந்தது, அதைக் காப்பாற்ற வேண்டும். மெக்கானிசத்துக்குக் கீழே தெரியும் மெல்லிய குழாய்தான் வெளிக்குழாய்க்குள் வழுக்கி இறங்கும் பாகம். பைப் ரெஞ்சின் பல் அதன் மேல் ஒரு கோடு போட்டால்கூட, அந்தக் கோடு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் புஷ்ஷை ராவிக்கொண்டே இருக்கும். ஆகவே ரெஞ்ச் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கூம்பு சந்திக்கும் இடத்தில் துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் பீச்சி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். காலையில் அடிப்பகுதியையும் மெக்கானிசத்தையும் பக்கவாட்டில் கிடத்தி, கூம்பு வளையத்தின் கீழ் விளிம்பில் ஒரு தடித்த இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்து, சிலிண்டரை விட்டு விலகும் திசையில் அடித்தேன். அடி விழ வேண்டியது வளையத்தின் விளிம்பில், கூம்புக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. தகட்டின் ஓரத்தில் அடித்தால் தகடுதான் வளையும். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிட, மெக்கானிசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிச் சுற்றிலும் மிதமாக அடிப்பதே பலன் தரும். அடியின் ஓசையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். கவ்வியிருக்கும்வரை கணீரென்று ஒலிக்கும். விடத் தொடங்கும்போது ஓசை மந்தமாகிவிடும், அதற்கடுத்த அடியில் கையோடு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சிலிண்டருக்குள் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. துளைப்பது, அறுப்பது, சூடுகாட்டுவது, அருகில் வெல்டிங் வைப்பது எதுவும் கூடாது. மெக்கானிசம் கழன்றதும் சிலிண்டரின் உச்சியில் ஒரு சிறு பொத்தான் வெளியே தெரியும். லீவர் அழுத்துவது அதைத்தான். மேலே எடை இல்லாத நிலையில் அதை அழுத்தினால் உள்குழாய் சட்டென்று வெளியே நீளும். முகத்தை அதற்கு நேரே கொண்டுபோகாதீர்கள், சுத்தியல் அதன் மேல் படவும் விடாதீர்கள்.

முரண்டு பிடித்த போல்ட்

நான்காவது போல்ட்டின் மரையில் பித்தளை நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. டி-நட்டின் மரை உரிந்து வந்திருக்கிறது. புதுப் போல்ட்டைக் கையால் திருகிப் பார்த்தால் இரண்டு சுற்றுப் போய் நின்றது. இந்த இடத்தில் ஒன்றைச் சரிபார்ப்பது நல்லது. எம்6 மரையும் கால் அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். முதலாவதன் மரை இடைவெளி 1 மி.மீ., இரண்டாவது அங்குலத்துக்கு 20 மரை, அதாவது 1.27 மி.மீ. ஒன்றை மற்றொன்றில் திருகினால் ஒன்றிரண்டு சுற்று இனிமையாகப் போய்ப் பிறகு இறுகும். ஸ்பேனர் போட்டு முடுக்கினால் இரண்டும் பாழ். மரை அளவுகோல் இல்லையென்றால் கழற்றிய போல்ட்டையும் புதுப் போல்ட்டையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே இனம் என்றால் நடுவில் வெளிச்சம் தெரியாது. என்னுடையவை எல்லாம் எம்6 தான். டி-நட்டே கெட்டிருந்தது.

டி-நட்டை மாற்ற ஃபோமுக்கு அடியில் போக வேண்டும். அது பிளைவுட்டின் மேல் முகத்தில் பல் பதித்து உட்கார்ந்திருக்கிறது. அடித்துணியைச் சுற்றிய ஸ்டேப்ளர் பின்களைத் தட்டைத் திருப்புளியால் நெம்பி, இடப்பக்கப் பின்மூலையில் மட்டும் துணியை விடுவித்தேன். ஃபோமைப் பிளைவுட்டோடு ஒட்டியிருந்த பசையை மழுங்கிய கத்தியால் மெதுவாகப் பிரித்து, கை நுழையும் அளவு தூக்கிக்கொண்டேன். பழைய டி-நட் அடியிலிருந்து ஒரு தட்டு தட்டியதும் வந்துவிட்டது. பல் பதிந்த குழிகள் பெருத்துப்போயிருந்தன. அதனால் புதியதைப் பழைய குழிகளுக்குக் குறுக்கே திருப்பிவைத்து, மரத்தில் எபாக்ஸி பசை தடவி உட்காரவைத்தேன். சுத்தியலால் அடித்து இறக்குவதைவிட, அடியிலிருந்து அகலமான வாஷரோடு ஒரு போல்ட்டைப் போட்டு முடுக்கினால், டி-நட் தானாகவே நேராக இழுபட்டு உள்ளே பதியும். அந்தத் தற்காலிக போல்ட்டின் மரையில் துளி மெழுகு தடவிக்கொண்டால் கசியும் எபாக்ஸி அதில் பிடிக்காது. பசை இறுகிய பிறகே அதைக் கழற்றினேன். மற்ற மூன்றையும் எம்6 டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்தேன், கருப்புப் பிசுக்கு வந்தது, மரை நன்றாகவே இருந்தது.

போல்ட்டின் நீளத்தையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். பிளைவுட் 12, தகடு 2.5, ஸ்பிரிங் வாஷரும் தட்டை வாஷரும் சேர்ந்து சுமார் 3, ஆக மொத்தம் பதினேழரை மில்லிமீட்டர். 20 மி.மீ. போல்ட் டி-நட்டின் முழு மரையையும் கவ்வி, மேலே இரண்டரை மில்லிமீட்டர் மட்டும் நீட்டிநிற்கும். 25 போட்டால் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் இரும்பு முனை ஃபோமுக்குள் நிற்கும், ஃபோம் அமுங்கும்போது அது தொடைக்குத் தெரியும். 16 போட்டால் மரையின் ஒரு பகுதிதான் கவ்வும். பழைய போல்ட்டின் நீளத்தையே நம்ப வேண்டாம், புதுத் தகட்டின் கனம் வேறாக இருக்கலாம்.

பொருத்துவது

சிலிண்டரின் கூம்பைத் துணியால் துடைத்து, ஒட்டியிருந்த துருவைப் பொடி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசையை முற்றிலும் எடுத்தேன். புதுமெக்கானிசத்தின் உட்கூம்பிலும் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்பியிருந்தார்கள், அதையும் துடைத்தேன். கூம்பு உலர்ந்திருக்க வேண்டும். அது நிற்பதே உராய்வினால்தான். அங்கே கிரீஸ் தடவினால் இருக்கை சிலிண்டரின் மேல் தனியாகச் சுழலவோ, நாற்காலியைத் தூக்கும்போது கழன்றுவரவோ செய்யும்.

மெக்கானிசத்தை இருக்கையில் வைக்கும்போது முன்பக்கம் எது என்பதில் தெளிவு வேண்டும். ஒரே லீவர் வகைகள் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங் குமிழ் முன்னே வரும், லீவர் உட்காருபவரின் வலக்கைக்கு வரும். சில தகடுகளில் முன்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியும் அச்சிட்டிருக்கும். புதியதில் கூம்பு முன்வரிசையிலிருந்து 105 மி.மீ. தூரத்தில் இருந்தது, பழையதைவிட 10 மி.மீ. முன்னே. நீளப் பள்ளம் இருந்ததால் தகட்டை 6 மி.மீ. பின்னே தள்ளி, வேறுபாட்டை நான்காகக் குறைத்தேன்.

நான்கு போல்ட்களையும் முதலில் கையாலேயே திருகி, நான்கும் மரையில் நேராக ஏறிய பிறகே கீயை எடுத்தேன். தகட்டின் இரண்டு ஓரங்களிலிருந்தும் இருக்கையின் விளிம்பு வரை அளந்து, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். மரையில், போல்ட் தளராமல் பிடிக்கும் நீல நிறத் திரெட் லாக்கர் பசை ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது டி-நட்டையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எவ்வளவு இறுக்குவது என்றால், ஸ்பிரிங் வாஷர் தட்டையான பிறகு சின்ன ஆலன் கீயில் கைவிசையோடு கால் சுற்று. நீளக் கைப்பிடி போட்டு இழுத்தால் மரம்தான் நசுங்கும்.

நாற்காலியை நிமிர்த்தி, மெக்கானிசத்தைச் சிலிண்டரின் மேல் இறக்கி, அழுந்த உட்கார்ந்தேன். கூம்பு கவ்வியது.

பிறகு லீவர். இது சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் இங்கே கோட்டைவிட்டால், நல்ல சிலிண்டரும் கெட்டதுபோல நடந்துகொள்ளும். லீவரை விட்ட நிலையில் அதன் நாக்குக்கும் சிலிண்டரின் பொத்தானுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நாக்கு பொத்தானைத் தொட்டுக்கொண்டே இருந்தால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கும், உட்கார உட்கார நாற்காலி மெல்ல இறங்கும். இடைவெளி அதிகமானால் லீவரை முழுக்கத் தூக்கினாலும் உயரம் மாறாது. எனக்கு முதலில் இடைவெளி அறவே இல்லை. நாக்கைக் குறடால் பிடித்து மேல்நோக்கி ஒரு சிறு வளைவு கொடுத்ததும் சரியானது. நாக்கு வளைக்க முடியாத வார்ப்பாக இருந்தால் அதைத் தேய்த்துக் குறைக்கலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக.

ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்ய அவசரப்படாமல் நேரம் கொடுத்தேன். முழுக்கத் தளர்த்திய நிலையில் சாய்ந்தால் உடல் தடதடவென்று பின்னே போகும், நிமிர வயிற்றுத் தசை வேலை செய்ய வேண்டும். அதிகம் இறுக்கினால் நாற்காலி முதுகைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலை ஊன்றாமல், முதுகை மட்டும் பின்னே கொடுத்தால் மெதுவாகப் போய் எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய நிற்கும் ஒரு இடம் இருக்கிறது. குமிழை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பி அதைக் கண்டுபிடித்தேன். முழுச் சாய்வில் கையை மேலே தூக்கி, நாற்காலி மல்லாரப் பார்க்கிறதா என்றும் சோதித்தேன். முன்சக்கரங்கள் தரையை விடவில்லை. இருக்கையின் குறுக்கே மட்டக்கோல் வைத்துப் பார்த்தபோது குமிழி நடுவில் நின்றது. உயரம் மட்டும் பழையதைவிட 8 மி.மீ. குறைந்திருந்தது, புதுப் பெட்டி அவ்வளவு தட்டை. மேசைக்கு ஏற்றபடி சிலிண்டரை ஏற்றிக்கொண்டேன்.

'டக்' சத்தம் போய்விட்டது. மற்றச் சத்தங்கள் அடங்கியதால், இதுவரை கேட்காத ஒரு மெல்லிய கிரீச் இப்போது கேட்டது. கீலில் லித்தியம் கிரீஸ் வைத்தும் போகவில்லை. கையை அடிப்பகுதியில் வைத்துக்கொண்டு சுழன்று பார்த்ததில், ஐந்து காலும் 50 மி.மீ. குழாயும் சந்திக்கும் இடத்தில் அதிர்வு தெரிந்தது. அந்த இணைப்பை ரப்பர் சுத்தியலால் கீழிருந்து தட்டிக் கழற்றினேன். அடியை வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் கொடுத்தேன். நடுவில் கிளிப் போட்டு நிற்கும் கம்பியின் மேல் அடி படக் கூடாது. உள்ளே சேர்ந்திருந்த தூசியைத் துடைத்து மறுபடி உட்காரவைத்ததும் அதுவும் நின்றது.

பழைய மெக்கானிசத்தைத் திறக்காமலேயே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். லீவரின் பிளாஸ்டிக் பிடியையும் நல்ல போல்ட்கள் மூன்றையும் மட்டும் எடுத்துவைத்துக்கொண்டேன்.

பொருத்தி முடித்த அன்றே ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டின் மேல்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு நேர்கோடு இழுத்துவைத்திருந்தேன். சில வாரம் கழித்துக் கவிழ்த்துப் பார்த்தபோது மூன்று கோடுகள் முறியாமல் இருந்தன. புது டி-நட் போட்ட மூலையில் மட்டும் தகடு மரத்தில் சற்று அழுந்தி, கோடு மயிரிழை விலகியிருந்தது. கீயை வைத்து எட்டில் ஒரு சுற்று முடுக்கி, பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக இழுத்தேன்.